விலா முறிந்த சத்தம்

என் டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருப்பது பத்தொன்பது. ஸ்பின்னிங் பிரிவு ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மில் டைம் ஆபீசுக்கு எதிரே நிற்கும் எக்ஸ்ரே வேனுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறோம். வருடம் ஒரு தரம் இந்த வேன் வரும், பஞ்சுத் தூசி யார் நெஞ்சில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படம் பிடித்துக்கொண்டு போகும், ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் வரும். பதினெட்டு வருடமாக இந்த வரிசையில் நிற்கிறேன், முன்னால் நிற்கிறவன் முதுகை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன்னால் நிற்பது ரிங் பிரேம் மெஷின் ஓட்டுகிற சுந்தரேசன், ஒல்லி ஆள். குனிந்து செல்போன் பார்க்கிறான். கழுத்துக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கிறதே ஒரு கணு, அது கழுத்தின் கடைசி எலும்பு, அதற்கு அடுத்ததிலிருந்துதான் எண்ண வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று, பன்னிரண்டு வரைக்கும் விலாவைத் தாங்குவது, அதற்குக் கீழே ஐந்து இடுப்புக்கு. அவன் மூச்சை இழுக்கும்போது முதுகிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து போகும் எலும்புகள் கொஞ்சம் எழும்பிக் கொஞ்சம் அகலமாகின்றன, விடும்போது இறங்குகின்றன. அவனுக்கே தெரியாமல் நடக்கிறது இது. ஒரு நிமிடத்துக்குப் பதினாறு தடவையாவது இருக்கும். நான் எண்ணுகிறேன். எண்ணாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தால் இன்னும் சுத்தமாக எண்ண வருகிறது. எண்ணிக்கை பதினேழுக்கு வரும்போது என் வலது உள்ளங்கையின் அடிப்பாகம், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மேடு, குளிர்ந்து போகிறது. பதினேழில்தான் முதல் சத்தம் கேட்டது.

பதினோரு நாளுக்கு முன்னால் அது. ராத்திரி மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கே வெளியே வந்திருக்க வேண்டியவன், அடுத்த மேஸ்திரி வரத் தாமதமாகி, மில் பஸ்ஸை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, காக்கிச் சட்டை. வந்து உட்கார்ந்ததும் பஸ் போய்விட்டதா என்று கேட்டார், இன்னும் வரவில்லை என்றேன். வேறு ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு தடவை தோளைச் சிலுப்பினார், பிறகு பெஞ்சிலிருந்து வழிந்த மாதிரி சரிந்து சிமெண்ட்டில் விழுந்தார். கூப்பிட்டுப் பார்த்தேன், கன்னத்தில் தட்டிப் பார்த்தேன், மூக்கில் விரல் வைத்தேன், மூச்சு இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், எட்டு நாற்பத்து நான்கு என்று போன் இன்னும் வைத்திருக்கிறது, நான் அழிக்கவில்லை, அழித்தால் என்ன ஆகிவிடும். பிறகு மண்டிபோட்டேன். எனக்குத் தெரியும் என்ன செய்ய வேண்டும் என்று. டிபார்ட்மென்ட்டுக்கு இரண்டு பேர் முதலுதவி படிக்க வேண்டும் என்று மில் சொல்லி, கேண்டீன் ஹாலில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இடுப்பு வரைக்கும் மட்டும் இருக்கிற ஒரு ரப்பர் பொம்மை. நடுநெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பாகம், அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது, இரண்டு அங்குலம் இறங்க வேண்டும், எழும்ப விட வேண்டும், மறுபடி. சரியான ஆழத்துக்கு இறங்கினால் பொம்மைக்குள் டிக் என்று ஒரு சத்தம் வரும். என் முறை வந்தபோது முப்பதுக்கு முப்பதும் டிக், டிக், டிக். சொல்லிக்கொடுத்தவர், பெயர் மறந்துவிட்டது, தொப்பை வைத்தவர், எல்லோரும் கைதட்டுங்க என்றார். அதற்கப்புறம் ஒன்று சொன்னார், அது மறக்கவில்லை. 'நெசமான ஆளுக்குப் பண்றப்ப எலும்பு முறியலாமுங்க. வயசானவங்கன்னா முறியறதுக்குத்தான் வாய்ப்பு சாஸ்தி. முறிஞ்சாலும் கையை எடுக்கக் கூடாது. எலும்பு கூடிக்கும், உசுரு கூடாது.' எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். பெரியவரின் சட்டைப் பொத்தானை அவிழ்க்காமலே கையை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பொம்மையை விட மெத்தென்று இருந்தது, சூடாக இருந்தது, வியர்வையில் கை வழுக்கியது. பதினேழில் டிக் என்றது. ஒரு விநாடி, சரியான ஆழத்துக்குப் போய்விட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. சத்தியமாகச் சந்தோஷம்தான் வந்தது. அதற்கப்புறம்தான் கை சொன்னது, கீழே ஏதோ ஒன்று திரும்ப எழும்பவில்லை என்று. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்து மூன்றில் இன்னொன்று, இந்தத் தடவை சத்தம் பெரிது, ஈர விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி. கையை எடுத்துவிட்டேன்.

எடுத்தேன். வேறு என்ன சொல்ல. எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், அவருடைய ஒரு செருப்பு கழன்று கிடந்தது, அதை எடுத்து மறுபடி காலில் மாட்டினேன், அது எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. இருபத்து மூன்று அழுத்து என்றால் பதினைந்து விநாடி ஆகுமா, அதற்கு மேல் ஆகாது. ஆம்புலன்ஸ் வந்தது எட்டு ஐம்பத்து மூன்றுக்கு. நடுவில் எட்டு நிமிடம், பஸ்ஸும் வரவில்லை. எட்டு நிமிடத்துக்கு எண்ணூறு அழுத்து, அதற்கு மேலேயே. எண்ணூறில் இருபத்து மூன்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நான் வைத்துக்கொண்டேன். வந்தவர்கள் நாடி பார்த்தார்கள், கண்ணில் விளக்கு அடித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, 'நெஞ்சுல ஏதாச்சும் அமுக்கிப் பாத்தீங்களாண்ணா' என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, சும்மா எழுதிக்கொள்ளக் கேட்டார். 'இல்லீங்க, நான் தொடவே இல்லை' என்றேன். அவ்வளவு சுத்தமாக வந்தது வாயில். ரெண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, நீங்கதான் கூப்பிட்டதா, விழும்போது பார்த்தீங்களா, யாராவது தொட்டாங்களா. அப்போதும் அதையே சொன்னேன். முதல் தடவை பயத்தில் சொன்னது, ரெண்டாவது தடவை முதல் தடவை சொன்னதற்காகச் சொன்னது. முதலில் சொன்னதோடு இரண்டாவது பொருந்த வேண்டுமே. பொருந்தியது.

வரிசை நகர்கிறது. இருபத்து மூன்று, என்கிறார் வேன் படியில் நிற்கிற ஆள், அடுத்தவர் ஏறுகிறார். வேன் சுவர் தகரம், உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது. தாடையை மேல வைங்க, தோளை முன்னாடி தள்ளுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க. பிறகு ஒரு உறுமல். விடுங்க. அந்த இழுத்துப் பிடிங்கவுக்கும் விடுங்கவுக்கும் நடுவில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒவ்வொரு ஆளுக்கும். இந்தப் பதினோரு நாளில் எனக்கு எல்லாமே அந்தச் சத்தமாக ஆகிவிட்டது. பூங்கோதை, என் வீட்டுக்காரி, வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்க்க நுனியை ஒடிப்பாள், ஒவ்வொரு காயாக, டிக், டிக். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். டாஃபிங் நேரத்தில், நூல் நிறைந்த பாபினைக் கழற்றும்போது, அது தட்டில் விழுகிற சத்தம். பேருந்தில் பக்கத்து ஸீட்காரர் சொடக்கு எடுத்தது. போன புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தைலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். கட்டைவிரலை நடுமுதுகில் வைத்ததும் தோலுக்குக் கீழே கணுக்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன, அதற்கு இரண்டு பக்கமும் விலாவெலும்புகள் ஏணிப்படி மாதிரி. இருபது வருடமாகத் தொட்ட முதுகு. உள்ளே இப்படி ஒரு கூடு இருக்கிறது, அதற்குள்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 'நல்லா அமுக்குங்க, தடவிக் குடுக்கறதுக்கா கூப்பிட்டேன்' என்றாள். எனக்குக் கை இறங்கவில்லை. தைலம் ஆறிப்போச்சு என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மகள் தாரிகா பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போனதும் அவளுடைய உயிரியல் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பேன். படம் போட்டிருக்கிறது. பின்னால் முதுகெலும்பு, முன்னால் கழுத்துப்பட்டை மாதிரி தொங்கும் மார்பெலும்பு, இரண்டையும் சேர்த்து இந்தப் பக்கம் பன்னிரண்டு அந்தப் பக்கம் பன்னிரண்டு. மேலே இருக்கிற ஏழு ஜோடிக்கு உண்மை விலா எலும்புகள் என்று பெயர், அவை நேராக வந்து மார்பெலும்பைத் தொடுகின்றன. அதற்குக் கீழே மூன்று ஜோடி போலி விலா எலும்புகள், அவை நேராகத் தொடுவதில்லை, மேலே இருப்பதன் குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கடைசி இரண்டு எதையும் தொடாமல் சும்மா மிதக்கின்றன. உண்மை, போலி, மிதப்பது. யார் வைத்த பெயரோ. போலியானது உண்மையின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். குருத்தெலும்பு சின்ன வயதில் வளைந்து கொடுக்கும், வயதாக ஆகக் கெட்டிப்படும். அப்படியென்றால் முறிந்தது என் கையால் மட்டும் இல்லை, அவர் வயதாலும்தான். இப்படிக் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கும். பிறகு, முறிந்ததைப் பற்றி யார் கேட்டது, நிறுத்தியதைச் சொல் என்று ஒன்று உள்ளேயிருந்து கேட்கும். ஒரு நாள் தாரிகா பாதியில் வந்துவிட்டாள், கையில் புத்தகத்தோடு என்னைப் பார்த்தாள். 'அப்பா, நீங்க எதுக்கு இதைப் படிக்கறீங்க?' 'சும்மா.' 'நெஞ்சு வலிக்குதாப்பா?' 'இல்லடா.' அவள் நம்பவில்லை. அன்றைக்கிலிருந்து நான் படியேறினால் என் முகத்தைப் பார்க்கிறாள்.

'சிகாமணியண்ணா.' பின்னால் நிற்கிற மயில்சாமி. கார்டிங் மெஷினில் வேலை, என்னை விட நாலு வயது சின்னவன், பேச்சு நிற்காத ஆள். சட்டையில்லாத என் தோளில் விரலால் தட்டுகிறான். 'உங்களுக்குத் தெரியுமுங்களாண்ணா, நம்ம மில்லு ஸ்டாப்புல ஒரு பெரியவரு உழுந்து செத்துப்போனாரல்லோ, அவரு எங்க வீதிதானுங்க. சின்னியப்பன்னு பேரு, லாரி டிரைவரா இருந்தவரு.' எனக்கு அந்தப் பெயர் இப்போதுதான் தெரிகிறது. பதினோரு நாளாக அவர் எனக்குக் காக்கிச் சட்டை. சின்னியப்பன். மயில்சாமி சொல்லிக்கொண்டே போகிறான். நான் வேனைப் பார்த்தபடி கேட்கிறேன், திரும்பினால் முகத்தைப் பார்ப்பான். 'மாரடைப்புன்னுதான் டாக்டரு எழுதியிருக்காராம். ஆனா போஸ்ட்மார்ட்டத்துல விலாவெலும்பு நாலு முறிஞ்சிருக்குதுன்னும் எழுதிப்போட்டாரு. எடது பக்கம். அது எப்படி முறியும்? கீழ உழுந்ததுல அப்படி முறியாதாமுங்க.' நாலா. எனக்கு இரண்டுதான் கேட்டது. மற்ற இரண்டும் எப்போது முறிந்தன, எந்த எண்ணில், பதினேழுக்கு முன்னாலா, நான் டிக் என்று சந்தோஷப்பட்டபோது ஏற்கனவே ஒன்று போயிருந்ததா. 'ஆம்புலன்ஸு கூப்ட ஆளு யாருமே தொடலைன்னு சொல்லிட்டானாம். அப்ப எலும்பு முறிஞ்சது வீட்டுலதான்னு ஆயிப்போச்சு. அன்னிக்குக் காத்தால அவரு சின்னப் பையன் லோகநாதனுக்கும் அவருக்கும் சண்டைங்க. பெரியவருக்குக் கண்ணு செரியாத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு லோகு கூப்ட்டாலும் வர மாட்டாரு, இருந்தாலும் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போவாரு. ரெண்டு பேரை இடிச்சும் போட்டாரு. லோகு சாவியப் புடுங்கி, ஆளையும் புடிச்சு ஸ்கூட்டர்லருந்து இழுத்துட்டான். வீதியே பாத்துச்சு. நானும் பாத்தேன். அவரு கோவிச்சுட்டு நடந்தே போயிட்டாரு. அப்பறம் பொணமாத்தான் வந்தாரு.'

இருபத்தொன்பது, என்கிறார் படியில் நிற்கிறவர். 'மூத்த பையன் போலீசுல எழுதிக் குடுத்துட்டான், தம்பிதான் அடிச்சு ஒடச்சிருக்கான்னு. பதினாறாம் நாள் கருமாதிக்கு அவன் வரக்கூடாதுன்னும் சொல்லிட்டான். அது போகட்டும், லோகு என்ன பண்றான் தெரியுமுங்களா? அவன் மறுக்கறதே இல்லை. நான்தான் இழுத்தேன், நெஞ்சுலதான் கையப் போட்டு இழுத்தேன், அப்பத்தான் ஒடஞ்சிருக்கும், வலியோட நடந்து போயிருக்காரு எங்கப்பான்னு அதையே சொல்லிட்டிருக்கான். சோறு திங்கறதில்லை. கையைப் பாத்துட்டே உக்காந்திருக்கான். இன்னிக்கு நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க.' கையைப் பார்த்துக்கொண்டு. எந்தக் கையை. நான் என் வலது கையை என் இடது அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். விரல்களுக்குக் கீழே என்னுடைய விலா. நான்காவது, ஐந்தாவது. ஊரில் எங்கோ ஒருவன் உட்கார்ந்து, செய்யாத ஒன்றைத் தன் கையில் தேடிக்கொண்டிருக்கிறான். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்காத சத்தத்தை அவன் எப்படிக் கற்பனை செய்துகொண்டிருப்பான். என்னைவிடப் பெரிதாகத்தான் செய்துகொண்டிருப்பான். 'அந்த ஆம்புலன்ஸு கூப்ட ஆளு' என்று நான் ஆரம்பித்தேன். 'யாருங்கண்ணா?' 'ஒண்ணுமில்லை.' வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை, மயில்சாமி முதுகில் மெல்லத் தள்ளினான், அவன் கை பட்ட இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நாற்பத்தொன்று. படியேறினேன். உள்ளே ஏசிக் குளிர், ஒரு வெள்ளைப் பலகை, அதில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். தாயத்தைக் கழட்டச் சொன்னார். பலகை ஐஸ் மாதிரி மார்பில் பட்டது. எனக்கு முன்னால் நாற்பது பேர் நெஞ்சு பட்ட இடம். தாடையை மேல வைங்க. வைத்தேன். தோளை முன்னாடி தள்ளுங்க. தள்ளினேன், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகிக் கொடுத்து, விலா மறைப்பில்லாமல் நின்றது. மூச்சை இழுத்துப் பிடிங்க. இழுத்தேன். பன்னிரண்டும் பன்னிரண்டும் எழும்பின, எனக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, பின்னால் முதுகெலும்பில் தொங்கிக்கொண்டு வாளியின் கைப்பிடி மாதிரி மேலே தூக்கிக்கொண்டன. இதைத்தான் நான் அவருக்குத் தூக்கிவிட மறுத்தேன். எழும்ப விட வேண்டும், மறுபடி அமுக்க வேண்டும், எழும்ப விட வேண்டும், இவ்வளவுதான் வேலை. இந்தக் கூட்டுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. முறிந்த விலாவோடும் அது எழும்பியிருக்கும். விடுங்க என்றார். நான் விடவில்லை. 'மேஸ்திரி, விடுங்க, முடிஞ்சுது.' விட்டேன். படியிறங்கினேன். படத்தில் என்ன தெரியும் என்று எனக்குப் பயம் இல்லை. எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தது எந்தப் படத்திலும் வராது, அதனால் அதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கும், வேறு ஆளே கிடையாது. இது அப்போது எனக்கு ஏதோ கணக்குப் பாடம் மாதிரி சாதாரணமாகத் தோன்றியது. மயில்சாமி உள்ளே போய்விட்டு வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன். சட்டை போட்டுக்கொண்டு வந்தவனிடம், 'உங்க வீதிக்கு என்னையக் கூட்டிட்டுப் போ' என்றேன். 'எதுக்குங்கண்ணா?' 'ஆம்புலன்ஸு கூப்ட ஆளு நான்தான்.' அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். 'தொடலைன்னு சொன்னது பொய்' என்றேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக மயில்சாமி ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் அவன் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. எண்ணவில்லை.

சின்னியப்பன் வீட்டுக்கு முன்னால் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. ஸ்கூட்டர் சுவரோரம் நின்றது, மேலே ஒரு சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். முப்பது வயது இருக்கும், தாடி வளர்ந்திருந்தது, இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. அவன் அம்மா அறைவாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். மயில்சாமி, 'பொன்னாத்தாக்கா, இவரு எங்க மில்லு மேஸ்திரிங்க, உங்ககிட்ட என்னமோ சொல்லோணும்ங்கறாரு' என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பெஞ்சு, போன், மண்டிபோட்டது, கை. 'எலும்பு ஒடச்சது நான்தானுங்க. உங்க பையன் இழுத்ததுல இல்லை. என் கையிலதான் ஒடஞ்சுது, எனக்குக் கேட்டுச்சு.' லோகநாதன் தலையைத் தூக்கினான். நம்பாத பார்வை. எங்கே என்று கேட்டான். என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. 'எந்த எடத்துல வெச்சு அமுக்குனீங்க, காட்டுங்க' என்றான். என் நெஞ்சில் காட்டினேன். அவன் எழுந்து கிட்டே வந்து, தன் விரலால் என் சட்டை மேல் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான், நடுவில், கொஞ்சம் கீழே. பிறகு தன் நெஞ்சில், தோளுக்குக் கீழே ஓர் ஓரத்தில் கையை வைத்தான். 'நான் புடிச்சது இங்கீங்க' என்றான். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, 'அம்மா, நான் புடிச்சது இங்க' என்று மறுபடி சொன்னான். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, கையைக் கூப்பி விடைபெற்றிருக்கலாம். ஆனால் வாய் திறந்தே இருந்தது. 'இன்னொண்ணும் இருக்குதுங்க. ஒடஞ்ச சத்தம் கேட்டதும் நான் நிறுத்திட்டேன். நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸு வர எட்டு நிமிசம் ஆச்சு. நான் சும்மா உக்காந்திருந்தேன்.'

அந்த நேரத்தில் நான் எதிர்பார்த்தது அடி. அல்லது அழுகை. அல்லது, பரவாயில்லை, விதி முடிந்தது என்கிற பேச்சு, அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. பொன்னாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'ஏனுங்க தம்பி' என்றார், குரல் உயரவே இல்லை, 'பொழைக்க வெக்கோணும்னுதான் கைய வெச்சீங்க. ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது. பயந்து எடுத்துட்டீங்க, அதையும் நான் உட்டுர்றேன், நானா இருந்தா கிட்டயே போயிருக்க மாட்டேன். பதினோரு நாளா எங்க போயிருந்தீங்க?' அவர் மகனைக் கையால் காட்டினார். 'என்ற பையன் பதினோரு நாளாச் சோறு திங்கலை. கூடப் பொறந்தவன் கொலைகாரன்னு சொல்லிப்போட்டான். நானே ஒரு நாளு இவன் மூஞ்சிய நேராப் பாக்கலை, பெத்தவ, நானே பாக்கலை. நீங்க தின்னீங்களா, தூங்குனீங்களா?' தின்றேன். சரியாகத் தூங்கவில்லை, ஆனால் தின்றேன். வெண்டைக்காய்ச் சத்தம் கேட்காத தூரத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் தின்றேன். முறித்ததையும் நிறுத்தியதையும் பதினோரு நாளாகத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தவன், இந்த எண்ணிக்கையை ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. வாசலில் நின்ற மயில்சாமியின் நிழல் அறைக்குள் நீண்டு கிடந்தது. 'தப்புங்க' என்றேன். அது போதாது என்று எனக்கும் தெரிந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். 'தப்புன்னா நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய் அதை அங்க சொல்லுங்க. அவனையும் கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னால அவன் ஒரு வாய் திங்கட்டும்.' உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்து லோகநாதன் முன்னால் வைத்தார். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தார். எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதுதான் நியாயமாக இருந்தது.

ஸ்டேஷனில் நாலரை மணி வரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மர பெஞ்சு, இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் லோகநாதன். என் மேல் என்ன வழக்கு வரும், பொய் சொன்னதற்கு என்ன தண்டனை என்று யோசிக்கப் பார்த்தேன், யோசனை நிற்காமல் வழுக்கியது. பூங்கோதைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள், 'அதுதானா' என்றாள், பிறகு, 'நான் வரட்டுங்களா' என்றாள். லோகநாதன் என் பக்கம் திரும்பாமல் கேட்டான். 'அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா? உழுகறதுக்கு முன்னால.' என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். தன்னைப் பற்றி ஒரு சொல். பையன் மேல் கோபமில்லை என்று, அவன் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது என்று ஒரு பெரியவர் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்லக்கூடியதுதானே. சொன்னார் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, மற்ற இரண்டு பொய்யை விடவும் சுத்தமாக, அழகாக வந்தது. விழுங்கினேன். 'எட்டே முக்கால் பஸ்ஸு போயிருச்சுங்களான்னு கேட்டாரு' என்றேன், 'அவ்வளவுதான்.' 'நீங்க என்ன சொன்னீங்க?' 'இன்னும் வரலைங்கன்னு சொன்னேன்.' அவன் தலையை ஆட்டினான். 'எட்டே முக்கால் பஸ்ஸு கண்ணாஸ்பத்திரி வழியாப் போற பஸ்ஸுங்க' என்றான். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முதுகு ஏறி ஏறி இறங்கியது. அந்த பஸ் சந்தைக்கும் போகும், கடைவீதிக்கும் போகும், பழைய லாரிப்பேட்டைக்கும் அதுவேதான் போகும். மில் பஸ்ஸை விட்ட நாளெல்லாம் நான் போவது அதில்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.